மரம் முழுதும் ஏறாது மாற்றம் காணல்

இம்மலருக்கென வந்த கட்டுரைகளைக் கணினியில் ஒழுங்குசெய்யும் பணியை உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மகிழ்வோடு ஏற்றிருந்தனர். கட்டுரைக்கு ஒரு கோப்பு, பகுதிக்கு ஓர் அடைவு என அவற்றை வகுத்து, ‘கிற்’ என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் காவலில் வைத்தனர். ஒரு நாள், அவர்கள் முந்திய வாரத்திற் பதிந்த படியையும், யான் திருத்தியபின் பதிந்த படியையும் ஒப்பிட்டுக் காட்டுமாறு பணித்தேன். ஏவலிட்ட கணத்திலேயே விடை வந்தது. மாற்றம் ஒரே கோப்பில். அதிலும் இரண்டே வரிகளில். “ஐயா, அத்தனை கோப்புக்களையும் வாசித்துவிட்டா இது இவ்வளவு விரைவில் விடை சொல்கின்றது?” என ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா. அதற்கு அன்று சுருங்கக் கூறிய விடையைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புநோக்குதல் தமிழ் கற்றோர்க்குப் புதியதொரு தொழிலன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தே பழைய நூல்களை அச்சேற்றினர். அவர்கள் பட்ட பாட்டின் பெரும்பகுதி யாது? இரு பிரதிகளும் ஒத்துச் செல்லும் பகுதியையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியிருந்தமையே. ஒத்துள்ளது என்பதை வாசித்தபின்னரன்றி அறிதற்கு அவர்களிடம் வழியில்லை. வாசியாமலே ‘இவ்வதிகாரம் இரண்டிலும் ஒன்றே’ என்று துணிந்து கூற ஓர் அடையாளம் இருந்திருப்பின், அவர்களுடைய உழைப்பிற் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அத்தகைய அடையாளம் ஒன்றையே கிற் கையாள்கின்றது.

கிற் தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் நன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருநிரலை உலகின் பல நாட்டு வல்லுநர் கூடி எழுதி வருகின்றனர். 2002ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் ‘பிற்கீப்பர்’ என்னும் மென்பொருளைக் கொண்டு தம் நிரலின் மாற்றங்களைப் பேணி வந்தனர். 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அதனை விலையின்றிப் பயன்படுத்தும் வசதி அவர்களுக்கு இல்லாது போயிற்று. லினக்ஸைத் தொடக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் அம்மாதத்திலேயே கிற் மென்பொருளை எழுதத் தொடங்கினார். சில நாள்களில் அது தன்னுடைய நிரலையே தான் காக்கும் நிலையை எய்தியது. அதே ஆண்டு யூலை மாதத்திற் பராமரிக்கும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். அன்று லினக்ஸின் கோப்புக்கள் ஏறத்தாழ 17,000. இன்று அவை 70,000ஐக் கடந்துவிட்டன. இத்துணைக் கோப்புக்களில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமையை நொடிப் பொழுதில் அறிய வேண்டும் என்பதே அவர்முன் நின்ற தேவை.

இனி, அமைப்பை நோக்குவாம். ஓர் அடைவினுள் கோப்புக்களும் இருக்கலாம். வேறு அடைவுகளும் இருக்கலாம். அவ்வடைவுகளினுள் மீண்டும் அவ்வாறே. ஆதலின் இவ்வமைப்பைக் கணினி நூலார் ‘மரம்’ என்பர். வேர் மேலே, கிளைகள் கீழே, கோப்புக்களே இலைகள். கிற் ஒவ்வோர் அடைவையும் ஒரு பட்டியலாக எழுதி வைக்கின்றது. அப்பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் மூன்று செய்திகளே உள. முதலாவது, வகையைக் காட்டும் எண்: சாதாரண கோப்பாயின் 100644, இயக்கத்தக்க கோப்பாயின் 100755, உள்ளடைவாயின் 40000. இரண்டாவது, பெயர். மூன்றாவது, ‘ஹாஷ்’ எனக் கணினித் துறையார் வழங்கும் அடையாளக்குறி.

இவ்வடையாளக்குறியிலேதான் சூட்சுமம் முழுவதும் அடங்கியுள்ளது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை, அதன் வகையையும் நீளத்தையும் முன்னே சேர்த்து, ‘ஷா-1’ என்னும் கணிதமுறைக்கு உட்படுத்தினால் 40 குறிகள் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும். உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் அத்தொடர் முற்றாக மாறிவிடும். உள்ளடக்கம் ஒன்றாயின் எங்கு, எவர், எப்பொழுது கணித்தாலும் அதே தொடரே வரும். நாம் பிள்ளைக்கு இடும் பெயர் பெற்றோரின் விருப்பம். இப்பெயரோ பொருளின் இயல்பிலிருந்தே பிறப்பது. இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்னும் பாகுபாட்டை அறிந்த மாணவர்கள் இதனைக் காரணப் பெயர்களுள் மிகக் கண்டிப்பானது எனக் கொள்ளலாம்.

கோப்புக்கு மட்டுமன்று, அடைவுப் பட்டியலுக்கும் இவ்வாறே அடையாளக்குறி கணிக்கப்படுகின்றது. அப்பட்டியலினுள் அதன் பிள்ளைகளின் குறிகள் இருத்தலின், எங்கோ ஆழத்தில் உள்ள ஒரு கோப்பு மாறினால் அதன் குறி மாறும். அது மாறவே தாயடைவின் குறி மாறும். அவ்வாறே ஏறிச் சென்று வேரின் குறியும் மாறும். மறுதலையாக, இரு மரங்களின் வேர்க்குறிகள் ஒன்றாயின், அவற்றின் கீழுள்ளன யாவும் ஒன்றே. இத்தகைய மரத்தை 1979ஆம் ஆண்டில் விளக்கிய ரல்ஃப் மேர்க்கிள் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயரால் அதனை ‘மேர்க்கிள் மரம்’ என வழங்குவர்.

இப்பொழுது இரு மரங்களில் ஒருங்கே உலாவும் முறையைக் காண்போம். வகுப்பாசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு இடாப்பையும் இவ்வாண்டு இடாப்பையும் மேசைமீது விரித்து வைத்திருக்கின்றார் எனக் கொள்க. இரண்டும் அகர வரிசையில் எழுதப்பட்டவை. இடக்கை விரலை ஒன்றின் முதற் பெயரிலும், வலக்கை விரலை மற்றதன் முதற் பெயரிலும் வைக்கின்றார். இடப்பக்கப் பெயர் வரிசையில் முந்தியதாயின், அம்மாணவன் விலகிவிட்டான். இட விரலை மாத்திரம் நகர்த்துவார். வலப்பக்கப் பெயர் முந்தியதாயின், அவன் புதிதாகச் சேர்ந்தவன். வல விரலை மாத்திரம் நகர்த்துவார். இரண்டும் ஒரே பெயராயின், இரு விரல்களையும் நகர்த்துவார். ஒரு முறை மேலிருந்து கீழே செல்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

கிற் செய்வதும் இதுவே. ஆயினும், பெயர் ஒன்றானவிடத்து அது மேலும் ஒரு வினாவை எழுப்பும்: அடையாளக்குறியும் ஒன்றா? ஒன்றாயின், அது கோப்பாயினும் ஆயிரம் கோப்புக்களைக் கொண்ட அடைவாயினும், திறவாமலே அப்பாற் செல்லும். குறி வேறாகி, இரண்டும் கோப்பாயின், ‘மாறியது’ எனக் குறித்துக்கொள்ளும். குறி வேறாகி, இரண்டும் அடைவாயின், அவ்விரு உள்ளடைவுகளையும் இரு புதிய மரங்களாகக் கருதி, இதே முறையை மீண்டும் அவற்றின்மீது செலுத்தும். கிளையும் தன்னளவில் ஒரு மரமாதலின், மரத்துக்கு எழுதிய விதியே கிளைக்கும் போதுமானது. ஒரு விதி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் இம்முறையால், எத்துணை ஆழமான அமைப்பையும் சில வரி நிரலால் நடந்து முடிக்கலாம்.

இதனால் விளையும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். லினக்ஸில் ‘கேர்னல்’ என்னும் அடைவினுள் ‘ஷெட்’ என்னும் உள்ளடைவும், அதனுள் ‘கோர்’ என்னும் கோப்பும் உள. அவ்வொரு கோப்பு மாத்திரமே மாறியிருப்பின் கிற் திறக்க வேண்டுவன எவை? வேர்ப் பட்டியல்கள் 2, ‘கேர்னல்’ பட்டியல்கள் 2, ‘ஷெட்’ பட்டியல்கள் 2. ஆக 6 பட்டியல்கள். மாறிய வரிகளையும் காட்ட வேண்டின் அக்கோப்பின் இரு படிகள். எல்லாமாக 8 பொருள்கள். சாதனங்களை இயக்கும் நிரல்கள் நிறைந்த மிகப் பெரிய அடைவு பக்கத்திலேயே இருப்பினும், அதன் குறி மாறாமையால் அதன் வாயிலையே கிற் மிதிப்பதில்லை. 70,000க்கு மேற்பட்ட கோப்புக்களுள் 8 பொருள்களைத் தொட்டு விடை காண்பதன் காரணம் இதுவே.

இம்முறைக்கு இன்றியமையாதது வரிசையொழுங்கு. இரு பட்டியல்களும் ஒரே வரிசையில் இல்லையெனின் விரல்கள் தடுமாறும். கிற் கொள்ளும் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. எழுத்துக்களுக்குக் கணினி இட்ட எண்களின் வரிசையாகும். யூனிக்கோட் முறையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கும். ஆகவே தமிழ்ப் பெயரிட்ட கோப்புக்கள் அகராதியில் வருமாறு வாரா. அதனாற் குறையொன்றுமில்லை, எவ்வரிசையாயினும் இரு பக்கத்திலும் அதுவே இருத்தல் போதும்.

எனினும், ஈண்டு ஒரு சிக்கல் உண்டு. வரிசைப்படுத்தும்போது, அடைவின் பெயரின் இறுதியில் ஒரு சாய்கோடு இருப்பதாகக் கிற் கருதும். ‘பாடம்’ எனக் கோப்பொன்றும், ‘பாடம்-1’ என வேறொரு கோப்பும் இருக்கின்றன என்க. இணைகோட்டின் எண் 45. புள்ளியின் எண் 46. சாய்கோட்டின் எண் 47. ஆதலின் ‘பாடம்’ என்பது கோப்பாக இருந்தால் ‘பாடம்-1’க்கு முன்னே நிற்கும், அடைவாக இருந்தால் அதற்குப் பின்னே நிற்கும். பழைய மரத்திற் கோப்பாயிருந்த ‘பாடம்’ புதிய மரத்தில் அடைவாகிவிடின், ஒரே பெயர் இரு பட்டியல்களிலும் வேறு வேறு இடங்களில் நிற்கும். இரு மரங்களை ஒப்பிடும் அளவிற் கேடில்லை. ‘கோப்பு நீங்கியது, அடைவு சேர்ந்தது’ என்பதே உண்மையும் ஆகும்.

பல மரங்களை இணைக்கும்போதோ நிலைமை வேறு. இருவர் தனித்தனியே திருத்திய படிகளை ஒன்றாக்குங்கால், அவ்விருவரும் எடுத்துத் தொடங்கிய மூலப் படியையும் சேர்த்து மூன்று மரங்களை ஒருங்கே நடக்க வேண்டும். மூலத்திலிருந்து ஒருவர் மாத்திரம் மாற்றியிருப்பின் அவர் மாற்றத்தைக் கொள்ளலாம். இருவரும் ஒரே இடத்தை வேறு வேறாக மாற்றியிருப்பின் மனிதரின் தீர்ப்புக்கு விடவேண்டும். ஒருவர் ‘பாடம்’ என்னும் கோப்பைத் திருத்த, மற்றவர் அதே பெயரில் அடைவு அமைத்தால் அது முரண்பாடு. அம்முரண்பாட்டை அறிய வேண்டின் அவ்விரண்டு பதிவுகளும் ஒரே வேளையிற் கைக்கு வருதல் வேண்டும். ஆகையால், மரங்களை ஒருங்கே நடக்கும் நிரற்பகுதி பட்டியலில் முன்னோக்கிப் பார்த்து, அப்பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, பின்னர் அவ்விடம் வரும்போது மீண்டும் எடாதிருக்கக் குறித்தும் வைத்துக்கொள்ளுகின்றது. எளிய விதியொன்று நடைமுறையில் எத்துணை நுட்பத்தை வேண்டி நிற்கும் என்பதற்கு இது தக்க சான்று.

இனி, மாணவர் மறவாதிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிப்பேன். திறவாமற் கடந்து செல்லும் இத்திறமை முழுவதும் நம்பிக்கையின்மேல் நிற்பது. அந்நம்பிக்கை இருமுறை சோதனைக்குள்ளாயிற்று. 2014ஆம் ஆண்டு டிசம்பரில், தீய எண்ணமுடையோர் தம் மரத்தில் ‘.கிற்’ என்னும் காப்புப் பெயரை ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துக்களை மாற்றி எழுதி வைத்தால், அவ்வெழுத்து வேற்றுமையைப் பொருட்படுத்தாத கணினிகளில் மென்பொருளின் சொந்த அமைப்புக் கோப்புக்களே மேலெழுதப்படலாம் என்பது வெளிப்பட்டது. அதன்பின் அத்தகைய பெயர்களையும் சோதித்து விலக்குமாறு நிரல் திருத்தப்பட்டது. அயலான் தந்த மரத்தில் ஏறுவோன் ஒவ்வொரு கிளையையும் தட்டிப் பார்த்தே கால் வைத்தல் வேண்டும்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியில், அம்ஸ்ரடாம் நகர ஆய்வு நிலையத்தாரும் கூகிள் நிறுவனத்தாரும் உள்ளடக்கம் வேறாகவும் ஷா-1 குறி ஒன்றாகவும் உள்ள இரு கோப்புக்களை ஆக்கிக் காட்டினர். பொருளிரண்டுக்குப் பெயரொன்றாயின், ‘பெயர் ஒன்று, ஆகவே பொருளும் ஒன்று’ எனக் கடந்து செல்வது எங்ஙனம்? அவ்வாண்டிலேயே கிற், அவ்வகைச் சூழ்ச்சியைக் கண்டறியும் கணிப்பு முறையை ஏற்றுக்கொண்டது. 2020ஆம் ஆண்டில் வலிமை மிக்க ‘ஷா-256’ குறிகளையும் சோதனை நிலையிற் சேர்த்துக்கொண்டது. அன்றியும், ஐயம் எழுந்தவிடத்துக் களஞ்சியம் முழுவதையும் ஒன்றும் விடாது நடந்து, ஒவ்வொரு பொருளின் குறியையும் மீண்டும் கணித்து ஒத்துப் பார்க்கும் ஏவலும் அதில் உண்டு.

எனவே, என் மாணவன் வினாவுக்கு விடை இரண்டு கூறுடையது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உண்மையை ஒட்டிய பெயரை இட்டு வைத்தவன், பெரும்பாலானவற்றைத் திறவாமலே மாற்றத்தைக் காண்பான். அப்பெயர் பொய்க்குமோ என்று ஐயுற்ற நாளில், சோம்பாது மரம் முழுவதையும் ஏறிப் பார்க்கவும் அவன் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். விரைவு முன்னையதால் வருவது. அவ்விரைவை நம்பும் உரிமை பின்னையதால் வருவது. ஏட்டுக்கு ஏடு ஒத்துப் பார்த்த எம் முன்னோர் பின்னதைக் குறைவறச் செய்தனர். முன்னதும் கைவரப்பெற்ற இக்கால மாணவர், அதன் எளிமையால் மயங்கி, முன்னோரின் அப்பொறுமையைக் கைவிடாதிருப்பாராக.