வெள்ளவத்தையும் அயலுறவும்

ஊர் என்பது தமிழரிடையே வெறும் இடப்பெயரன்று. கோயில், குளம், பனங்கூடல், வாசிகசாலை, தலைமுறைகளாக அறிந்த முகங்கள் ஆகிய யாவும் சேர்ந்ததே ஊர். தொழிலையும் கல்வியையும் நாடி வந்தோர் வாழும் நகர்ப்புறத்திலோ இவை பிறப்போடு கிடைப்பனவல்ல. அங்கே அயலவர் தாமே கூடி ஊரை ஆக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பின் தென்பாகத்திலுள்ள வெள்ளவத்தை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வெள்ளவத்தை என்னும் சிங்களப் பெயர் மணற்பாங்கான தோட்டம் எனப் பொருள்படும். மேற்கே கடல்; கடலை அடுத்துப் புகையிரதப் பாதை; அதற்குக் கிழக்கே காலி வீதி. வீதியிலிருந்து இருபுறமும் ஒழுங்கைகள் பிரிகின்றன. முற்காலத்தில் இங்கு இயங்கிய நூற்பு நெசவாலையில் மலையாளத் தொழிலாளர் பலர் வேலைசெய்தனர். 1933ஆம் ஆண்டில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றதாகும். கோட்டையிலுள்ள காரியாலயங்களுக்குப் புகையிரதத்திற் சென்றுவருதல் எளிதாயிருந்தமையால், வடபகுதியிலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர் பலரும் இங்கே குடியமர்ந்தனர். இவ்வாறு பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து வாழலாயினர்.

இவர்களை ஒன்றுசேர்த்தவை எவை? முதலாவதாகப் பொது நிறுவனங்களைக் கூறலாம். 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று 57ஆம் ஒழுங்கையில் நிலைபெற்றுள்ளது. அதன் நூலகத்தில் மாணவனும் இளைப்பாறிய உத்தியோகத்தரும் அருகருகே அமர்ந்து படிப்பர். அதன் மண்டபத்தில் நூல் வெளியீடுகளும் சொற்பொழிவுகளும் நடைபெறும். இராமகிருஷ்ண மிஷனும் சைவ மங்கையர் வித்தியாலயமும் இத்தகைய கூட்டுறவை வளர்த்த ஏனைய நிலையங்களாம். பாடசாலை வாயிலிலே பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தாய்மார் நாளடைவில் ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் பங்குகொள்வர்.

இரண்டாவது, விழாக்கள். கதிர்காம உற்சவத்தையொட்டி ஆடி வேல் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது வெள்ளவத்தை மக்களும் அயலூரில் எழுந்தருளிய வேலைக் காணத் திரள்வர். வெசாக் நாட்களில் வீடுதோறும் கூடுகள் ஒளிவீச, தன்சல்களில் உணவும் பானமும் வழங்கப்படும். தமிழர் அமைக்கும் தண்ணீர்ப் பந்தலும் சிங்களவர் அமைக்கும் தன்சலும் அடிப்படையில் ஒரே அறத்தின் இரு வடிவங்களே. வழிப்போக்கர் எம்மொழியினர், எம்மதத்தினர் என்று இரண்டிலும் எவரும் வினவுவதில்லை.

ஆயினும் இவ்வுறவு எவ்வளவு மென்மையானது என்பதையும் வரலாறு காட்டியுள்ளது. 1958இலும் 1983 ஜூலையிலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது கொழும்புத் தமிழர் வீடிழந்து அகதி முகாம்களிற் தங்கினர். பலர் கப்பலேறி காங்கேசன்துறை சென்றனர். 1983இல் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. அதே நாட்களிற் தம் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாது தமிழ்க் குடும்பங்களைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். முன்பு நன்கு பழகியிருந்த முகங்களுக்கே அக்கதவுகள் முதலில் திறந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னர் மக்கள் மீண்டனர். போரினால் இடம்பெயர்ந்தோரும் வடகிழக்கிலிருந்து வந்து சேர்ந்தனர். தோட்டத்துடன் கூடிய பழைய வீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் உயர்ந்தன. முன்னர் ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் இன்று பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் வேலியோரத்தில் நின்று பேசும் வழக்கம் மாடிக் கட்டடத்தில் இயல்பாக வாய்ப்பதில்லை. மின்தூக்கியில் நாள்தோறும் சந்திப்போர் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருத்தலும் உண்டு.

ஆதலின் நூலகமும் மண்டபமும் விழாவும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அயலவரை அறிவதற்குரிய வாயில்கள் அவை. அறிமுகம் இன்பக் காலத்திலே தேடிக்கொள்ளப்பட்டாலன்றித் துன்பக் காலத்தில் உதவமாட்டாது.