லோகோவிலேயே நிற்கும் போன்

“லோகோவிலேயே நிக்குதுண்ணே.” சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றாலும் இது காதில் விழும். போனைக் கையில் வாங்கும் கடைக்காரர் இரண்டு பட்டன்களை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “சாஃப்ட்வேர் போடணும். டேட்டா போயிடும், பரவாயில்லையா?”

என் தங்கை “சரி” என்றாள். அரை மணி நேரத்தில் போன் புதிதுபோல எழுந்து வந்தது. மகன் முதன்முதலாக நடந்த வீடியோ அதில் இல்லை, வேறெங்கும் இல்லை. அந்தச் ‘சரி’க்கு முன்னால் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்று நான் தெரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின.

போனுக்குள் ஆண்ட்ராய்டு ஒரு பகுதியிலும், நம் படங்களும் வீடியோக்களும் வேறொரு பகுதியிலும் இருக்கின்றன. அப்டேட் பாதியில் அறுந்துபோனால் கெடுவது முதல் பகுதி. அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், படங்களைத் தொட வேண்டியதில்லை. கோளாறு நம் தரவு இருக்கும் பகுதியிலேயே புகுந்திருந்தால்தான் துடைக்க வேண்டிவரும். இரண்டில் எது என்று பார்க்காமலே துடைத்துவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது.

சாம்சங் போனை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபர்ம்வேர், அதாவது போனை இயக்கும் மென்பொருள், பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு பாகமாக வரும். போனை டவுன்லோட் மோடில் வைத்து, கேபிளால் கணினியோடு இணைத்து, ஓடின் என்ற மென்பொருள் வழியாக ஏற்றுவார்கள். நான்காவது பாகத்துக்கு மட்டும் இரண்டு கோப்புகள் உண்டு. சிஎஸ்சி என்பதைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் துடைக்கப்படும். ஹோம் சிஎஸ்சி என்பதைப் போட்டால் தரவு அப்படியே இருக்க, ஆண்ட்ராய்டு மட்டும் மாறும். முதலில் இரண்டாவதைப் போட்டுப் பார்க்க முடியும். ஆனால் துடைத்துக் கொடுத்தால் அதே போன் மறுநாள் திரும்பி வராது என்பது கடைக்காரரின் கணக்கு. அதில் நியாயமும் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஐபோனைக் கணினியில் இணைத்து ரெக்கவரி மோடுக்குக் கொண்டுபோனால் ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு பட்டன்கள் வரும். அப்டேட், தரவைத் தொடாமல் ஐஓஎஸ்ஸை மீண்டும் போட முயலும். ரீஸ்டோர் துடைத்துவிடும். கூகுள் பிக்சலுக்கும், தரவை அழிக்காமல் ரெக்கவரி வழியாக ஏற்றும் முழு அப்டேட் கோப்பை (ஓடிஏ) கூகுளே வெளியிடுகிறது.

துடைத்தபின் ‘ரெக்கவரி சாஃப்ட்வேர்’ வைத்து மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். இன்றைய போன்களில் தரவு பூட்டியே சேமிக்கப்படுகிறது. துடைக்கும்போது சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். மிச்சம் கிடைத்தாலும் அது படிக்க முடியாத குப்பை.

பழைய பதிப்பை ஏற்றினால் வேகமாக ஓடும் என்பார்கள். ஆனால் பல போன்கள், தம்மை எழுப்பும் பூட்லோடர் தம்மிடம் இருப்பதைவிடப் பழையதாக இருந்தால் அதை ஏற்காது. வற்புறுத்தினால் அடியோடு செத்துப்போகவும் கூடும். ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறதா? மெமரி சிப்பே தேய்ந்திருக்கலாம். அதற்கு எத்தனை முறை சாஃப்ட்வேர் போட்டும் பயனில்லை.

துடைக்கத்தான் வேண்டும் என்றால், போனில் இருக்கும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், ரெக்கவரியில் ரீசெட் செய்த போன் பழைய கணக்கைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

மீடியாடெக் சிப் உள்ள போன்களில் இன்னொரு ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்து ஏற்றினால் போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் சேர்ந்து போகும். சிம் போட்டாலும் சிக்னல் வராது. அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கடைப்படி இறங்கும் முன் *#06# அடித்துப் பாருங்கள். திரையில் வரும் 15 இலக்கங்களும் போன் வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.