மிதிவண்டிவழிப் பருவகால இயற்கை நோக்கல்

மிதிவண்டிவழிப் பருவகால இயற்கை நோக்கல் என்பது, ஒரே வழித்தடத்தில் ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் மிதிவண்டியில் சென்று, அவ்வழியிலுள்ள மரஞ்செடிகொடிகள், பறவைகள், பூச்சிகள் ஆகியவற்றில் பருவந்தோறும் ஏற்படும் மாற்றங்களைக் கண்டு குறித்துவைக்கும் செயற்பாடு ஆகும். உயிரினங்களின் வாழ்வில் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நிகழும் தளிர்த்தல், பூத்தல், காய்த்தல், வலசை போதல் போன்றவற்றுக்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை பருவநிகழ்வியல் எனப்படுகின்றது. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு நகருக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடைப்பட்ட காடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்செயற்பாட்டை விளக்குகின்றது.

வெயில் காலம் தவிர வேறு பருவம் இப்பகுதியில் இல்லை என்பது பரவலான கருத்து ஆகும். குளிர்நாடுகளில் காடு முழுவதும் ஒரே காலத்தில் இலை பழுத்து உதிர்வது போன்ற காட்சி இங்கு இல்லாமையே இக்கருத்துக்குக் காரணம். உண்மையில் இங்குள்ள காடுகளுக்கும் தெளிவான ஆண்டு ஒழுங்கு உண்டு. ஆனால் அது மரத்துக்கு மரம் வேறுபடுவதால், ஒருமுறை வந்து பார்ப்பவருக்குப் புலப்படுவதில்லை.

நிலமும் காடும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. சிறு பாறைக் குன்றுகள், அவற்றைச் சூழ்ந்த முட்புதர்க்காடுகள், ஏரிகள், வயல்கள், கடற்கரை மணல் மேடுகள் ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருப்பது இதன் சிறப்பு. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் ஆகும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கின்றது.

இப்பகுதிக்கு உரிய காட்டு வகை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு ஆகும். இந்தியாவில் இவ்வகைக் காடு பெரும்பாலும் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டியே காணப்படுகின்றது. வீரை, உலக்கைப் பாலை, காயா போன்றவை இதன் முதன்மையான மரங்கள். இவற்றின் இலைகள் சிறியவையாகவும் தடித்தவையாகவும் இருப்பதால், பல மாத வறட்சியிலும் பசுமை நீங்காமல் நிற்கின்றன. நூற்றாண்டுகளாக விறகுக்கு வெட்டப்பட்டும் கால்நடைகளால் மேயப்பட்டும் வந்ததால், இக்காட்டின் பெரும்பகுதி இன்று காரை, களா, சூரை, சங்கஞ்செடி முதலியவை நிறைந்த தாழ்ந்த புதர்க்காடாக எஞ்சியுள்ளது. எனினும் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் பல இடங்களில் உயிருடன் உள்ளன. வெட்டும் மேய்ச்சலும் நின்றால் அவை மீண்டும் தழைக்கக் கூடியவை.

வழித்தடங்கள்

இப்பகுதியில் ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய வழித்தடங்கள் சில உள்ளன.

செங்கல்பட்டு - திருக்கழுக்குன்றம் - மாமல்லபுரம்: ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஏரி, வயல், குன்று, பனந்தோப்பு, கடற்கரைச் சவுக்குத் தோப்பு ஆகிய அனைத்தையும் ஒரே வழியில் காணலாம்.

செங்கல்பட்டு - திருவடிசூலம் - திருப்போரூர்: ஏறத்தாழ 25 கிலோமீட்டர். குன்றுகளையும் காப்புக்காடுகளையும் ஒட்டிச் செல்லும் சாலை இது. திருப்போரூரிலிருந்து நெம்மேலி வழியாகக் கடற்கரையை அடையலாம்.

செங்கல்பட்டு - வேடந்தாங்கல்: ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பறவைகள் காப்பிடங்கள். இரண்டும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

மிதிவண்டியின் பொருத்தம்

மகிழுந்தில் செல்பவருக்குச் சாலையோரக் காடு ஒரு பச்சைக் கோடாக மட்டுமே தெரியும். நடந்து செல்பவர் நுணுக்கமாகக் காண முடியும் எனினும் ஒரு காலைப்பொழுதில் குன்று முதல் கடல் வரை செல்ல இயலாது. மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியின்றிச் செல்லும் மிதிவண்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பறவைகளின் குரலைக் கேட்கவும், பூக்களின் மணத்தை உணரவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் இது இடமளிக்கின்றது. மேலே பார்க்க முடியாத உயரத்தில் பூக்கும் மரங்களைச் சாலையில் உதிர்ந்து கிடக்கும் இதழ்கள் காட்டிக்கொடுக்கும்.

தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை 2000களின் முற்பகுதியில் தொடங்கியது. ஆதலால் மாணவர்கள் பலருக்குத் தனிச்செலவின்றி இச்செயற்பாட்டில் ஈடுபடும் வாய்ப்பு உள்ளது. நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வழியே நோக்கல் வழியாகவும் அமையலாம்.

ஆறு பருவங்கள்

தமிழ் மரபு ஓராண்டை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கின்றது. நான்கு பருவப் பகுப்பைக் காட்டிலும் இது இப்பகுதியின் நோக்கல்களைத் தொகுக்க ஏற்றதாக உள்ளது.

கார் (ஆவணி, புரட்டாசி): மாலை நேர இடிமழை பெய்யும் காலம். வறட்சியில் இலையற்று நின்ற கிளுவை வேலிகள் பசுமையாகின்றன. நனைந்த மண்ணில் தம்பலப்பூச்சி எனப்படும் சிவந்த பட்டுப் போன்ற சிற்றுயிர் ஊர்கின்றது. பனம்பழங்கள் விழுகின்றன. கிணறுகளின் மேல் சாய்ந்த கிளைகளிலும் பனையோலைகளிலும் தூக்கணாங்குருவிகளின் கூடுகளைக் காணலாம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): பெயரளவில் மழைக்காலம் கார் எனினும், இக்கடற்கரையில் பெருமழை பெய்வது கூதிர்க் காலத்திலேயே ஆகும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் புதர்களின் மீது படர்ந்து பூக்கின்றது. இமயமலை அடிவாரம் வரையிலான வடபகுதிகளில் இனம்பெருக்கிய ஆறுமணிக்குருவிகள் குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகின்றன. வைகறையிலும் அந்தியிலும் ஒலிக்கும் குரலால் இப்பறவை இப்பெயர் பெற்றது. மழைக்குப் பின் புற்றுகளிலிருந்து ஈசல்கள் வெளிப்படுகின்றன. இப்பகுதியின் பழங்குடியினரான இருளர்கள் ஈசல் வெளிப்படும் நேரத்தை முன்னரே கணித்து அவற்றைப் பிடித்து உணவாக்கும் அறிவு உடையவர்கள்.

முன்பனி (மார்கழி, தை): அதிகாலையில் பனி படிந்த சிலந்தி வலைகள் புதர்கள்தோறும் தென்படும். ஏரிகள் நிறைந்திருக்கும். வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா ஆகியவை கூடு கட்டுகின்றன. மாங்குயில் போன்ற வலசைப் பறவைகளைத் தோப்புகளில் காணலாம். இலந்தை பழுக்கத் தொடங்குகின்றது. பனங்கிழங்கு அகழப்படுகின்றது.

பின்பனி (மாசி, பங்குனி): இப்பகுதியின் இலையுதிர் காலம் எனத்தக்கது இதுவே. வேம்பு பழுப்பிலைகளை உதிர்த்துச் செம்பு நிறத் தளிர்களை விடுகின்றது. புங்கமும் இலை மாற்றுகின்றது. அழிஞ்சில் இலையற்ற கிளைகளில் மணமிக்க வெண்பூக்களைப் பூக்கின்றது. இலவம், கல்யாண முருங்கை ஆகியவற்றின் பூக்களில் சோளப்பட்சிகள் கூட்டமாகத் தேன் உண்டு, பின் வடமேற்கே திரும்புகின்றன. கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைக்குப் பங்குனி ஆமை என்னும் பெயர் வழங்குவதும் இம்மாதத்தை ஒட்டியே ஆகும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): சரக்கொன்றை மஞ்சள் நிறக் கொத்துகளாகப் பூக்கின்றது. உலக்கைப் பாலையின் பழங்களைப் பறவைகளும் வௌவால்களும் உண்கின்றன. காயா மரம் கிளையெங்கும் நீலப் பூக்களைக் கொள்கின்றது. குயிலின் கூவல் நாள் முழுவதும் கேட்கும். பனையில் நுங்கு வெட்டப்படுகின்றது. புல்லும் பூண்டும் காய்ந்து, தொலைவிலிருந்து பார்க்கக் காடு முழுவதும் பட்டுவிட்டதாகத் தோன்றும் இக்காலத்திலேயே மரங்கள் பல பூத்தும் காய்த்தும் நிற்கின்றன.

முதுவேனில் (ஆனி, ஆடி): கடுவெயிலும் வறண்ட மேல்காற்றும் நிலவும் காலம். வேப்பம்பழங்களும் நாவற்பழங்களும் உதிர்கின்றன. கொண்டைக்குருவிகள் பழங்களை உண்டு, விதைகளை எச்சத்தின் வழியே புதர்களினடியில் இடுகின்றன. சில வாரங்களில் மழை தொடங்குவதால் அவ்விதைகள் முளைக்கின்றன. வறட்சியில் பூத்து மழைக்கு முன் விதை பரப்புதல் இக்காட்டு மரங்கள் பலவற்றின் வாழ்முறை ஆகும்.

குறிப்பெடுக்கும் முறை

பயனுள்ள பதிவுக்கு மூன்று விதிகள் போதும். வழி மாறாதிருத்தல், மரம் மாறாதிருத்தல், இடைவெளி மாறாதிருத்தல் என்பன அவை. வழியில் 10 அல்லது 15 மரங்களைத் தேர்ந்து எண்ணிட்டு, வாரத்துக்கு ஒருமுறையேனும் அவற்றைக் காண வேண்டும். தளிர், முற்றிய இலை, மொட்டு, மலர், காய், பழம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, சிறிதளவு என்றால் 1, மிகுதி என்றால் 2 என எண் இடலாம். ஒன்றும் மாறாத நாளிலும் பதிவு செய்தல் இன்றியமையாதது. பூ இல்லை என்னும் குறிப்பு இருந்தால்தான் பூ எப்போது தொடங்கியது என்பதை உறுதியாகக் கூற முடியும்.

மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் பதிவதற்குச் சீசன்வாட்ச் என்னும் இந்தியத் திட்டம் உள்ளது. பறவைப் பதிவுகளுக்கு ஈபேர்டு தளம் பயன்படுகின்றது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தப்படுகின்றது.

பதிவுகளின் பயன்

இங்கிலாந்தில் இராபர்ட் மார்சம் என்பவர் 1736இல் தம் நிலத்தில் இளவேனிலின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவர் வழியினர் 20ஆம் நூற்றாண்டு வரை அப்பணியைத் தொடர்ந்தனர். சப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி மலர்ந்த நாட்கள் குறித்து ஏறத்தாழ 1200 ஆண்டுக் காலப் பதிவுகள் கிடைக்கின்றன. இவை இன்று காலநிலை மாற்ற ஆய்வுக்குச் சான்றுகளாக உள்ளன. குறித்தவர்கள் இப்பயனை எதிர்பார்த்திருக்கவில்லை.

செங்கல்பட்டுப் பகுதிக்கு இத்தகைய பதிவுகளின் தேவை மிகுதி. இலையுதிர்த்து முட்கள் மட்டும் தெரியும் புதர்க்காட்டைத் தரிசு எனக் கருதுவது எளிது. சித்திரையில் ஒரு நாள் வந்து பார்ப்பவரின் குறிப்பும், கார்த்திகையில் வருபவரின் குறிப்பும் ஒரே இடத்தைப் பற்றியவை என்று நம்புவதே கடினமாக இருக்கும். சென்னைப் பெருநகரின் விரிவாக்கத்தால் நிலத்தேவை மிகுந்துள்ள இப்பகுதியில், தரிசு என்று கருதப்படும் காடு எளிதில் இழக்கப்படும். ஆண்டு முழுவதற்குமான பதிவே அவ்விடம் காடு என்பதற்கான சான்று ஆகும்.

சீமைக்கருவேலம் பரவிய இடங்களில் வேறு ஒரு மாற்றத்தைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் ஆண்டின் பெரும்பகுதியும் பசுமையாகவே நிற்கின்றது. அது அடர்ந்த இடங்களில் பருவத்துக்குப் பருவம் மாறும் பூக்களும் பழங்களும் குறைவதால், ஒவ்வொரு பயணக் குறிப்பும் முன்னையதைப் போலவே அமைந்துவிடும்.

புயல்களின் விளைவும் இப்பதிவுகளில் இடம்பெறும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பெருமளவு மரங்களைச் சாய்த்தது. மாண்டூஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலுக்கு முந்தைய பட்டியல் கையில் இருந்தால், எந்த வகை மரங்கள் வீழ்ந்தன, எவை மீண்டும் தளிர்த்தன என்பதை அறியலாம்.

திருக்கழுக்குன்றம் இதில் ஒரு பாடமாக அமைகின்றது. கழுகுகளால் பெயர்பெற்ற இவ்வூரின் மலைக்கோயிலில், நண்பகலில் அளிக்கப்படும் உணவை உண்ண மஞ்சள்முகப் பாறு கழுகுகள் வந்தன. பல நூற்றாண்டுகளாக மக்கள் கண்டுவந்த இக்காட்சி 1990களோடு நின்றுவிட்டது. நாள்தோறும் நிகழ்வதால் என்றும் நிகழும் என்று எண்ணப்படும் ஒன்றும் இல்லாமற்போகக் கூடும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயல்களுக்கு உரமாவதைக் கண்டறிந்த ஊர் மக்கள், பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு வேண்டினர். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் இலயனல் பிளேசு அவர்களது உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். ஒரே ஏரியைத் தலைமுறைகளாகப் பார்த்துவந்தவர்களின் அறிவே அங்கு காப்புக்கு அடிப்படையாயிற்று.

கவனிக்க வேண்டியவை

காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைவது குற்றமாகும். பொதுச் சாலைகளிலும் ஊர்ப் பாதைகளிலும் இருந்தே நோக்கல் செய்ய வேண்டும். கூடுகளை நெருங்குதல், உயிரினங்களைப் பிடித்தல், செடிகளைப் பறித்தல் கூடா.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்திகள் மிகு வேகத்தில் செல்வதால் உட்பாதைகளைத் தேர்வது நன்று. கோடையில் விடியற்காலை 5:30 மணியளவில் தொடங்கி 9 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். வேலமுட்கள் சக்கரத்தைத் துளைக்கும் என்பதால் ஒட்டுப்போடும் பொருட்களும் காற்றடிக்கும் கருவியும் உடன் இருத்தல் வேண்டும். கண்ணாடி விரியன் உள்ளிட்ட நச்சுப்பாம்புகள் இப்பகுதியில் உள்ளன. ஆகவே புதர்களுக்குள் கால் வைக்குமுன் பார்த்து வைக்க வேண்டும்.