கொதிகலன் குழாய்ப் படிவு நீக்கும் கைக்கருவிகள்

கொதிகலன் குழாய்ப் படிவு நீக்கும் கைக்கருவிகள் என்பவை, நீராவிக் கொதிகலனின் குழாய்களில் நீர் படும் பக்கத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் உப்புப் படிவைச் சுரண்டியும் தட்டியும் அரைத்தும் அகற்றப் பயன்படும் கருவிகளாகும். ஆலைகளில் இப்படிவை 'ஸ்கேல்' என்றே சொல்வர். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக உப்புக் கட்டுவதும் இதே நிகழ்வுதான். பாத்திரத்தில் அது தேய்த்துக் கழுவும் வேலையோடு முடிந்துவிடும். கொதிகலனில் அது எரிபொருளை வீணாக்கும், குழாயை வெடிக்கச் செய்யும், அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்தாகும்.

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் பகுதி. நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்கும் ஆலைகளுக்கு நீராவி தேவை. மதுராந்தகம் அருகே படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இயங்குகிறது. சிறிய உமிக் கொதிகலன் முதல் மின் நிலையம் வரை, நீரைக் கொதிக்க வைக்கும் இடம் எதுவாயினும் படிவுச் சிக்கல் உண்டு.

படிவு உருவாகும் விதம்

நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்துள்ளன. நீர் சூடாகும்போது கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கால்சியம் சல்பேட்டின் தன்மை வேறு. சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும். கால்சியம் சல்பேட்டோ நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும். ஆகவே மிகவும் சூடான இடமாகிய குழாய்ச் சுவரிலேயே அது படிகிறது. நீரில் சிலிக்கா இருந்தால் கண்ணாடி போன்ற கடினமான படிவு உண்டாகும்.

மாவட்டத்தின் உட்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பாறை இடுக்குகளிலிருந்து நீர் எடுக்கின்றன. கடற்கரையோரம் மணற்பரப்பில் நன்னீர் கிடைத்தாலும், அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்து உப்பு ஏறிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. குடிக்கத் தகுந்த நீர் என்பதால் அது கொதிகலனுக்கும் தகுந்தது என்று கொள்ளக் கூடாது.

ஒரு கணக்கு: கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரை, மணிக்கு 1 டன் நீராவி தரும் கொதிகலன் நாளுக்கு 10 மணி நேரம் பயன்படுத்துகிறது எனக் கொள்வோம். ஒரு நாளில் 10,000 லிட்டர் நீரோடு 3 கிலோ உப்பு உள்ளே செல்கிறது. 100 வேலை நாட்களில் இது 300 கிலோ. நீராவி வெளியேறும், உப்பு வெளியேறாது. அடிநீரைத் திறந்துவிடும்போது ஒரு பகுதி போகும். மீதி குழாய்களில் தங்கும்.

படிவின் தீமை

எஃகை விடப் படிவு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். மென்எஃகின் வெப்பங்கடத்து திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 45 முதல் 50 வாட். கார்பனேட்டு, சல்பேட்டு படிவுகளுக்கு 1 முதல் 2 வாட் அளவே. நுண்துளைச் சிலிக்கா படிவுக்கு 0.2 வாட் வரை குறையும்.

10 பார் அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 184 பாகை செல்சியசு. குழாயின் ஒரு சதுர மீட்டர் வழியே 50 கிலோவாட் வெப்பம் செல்கிறது என்க. கடத்து திறன் 1 வாட் உள்ள படிவு 1 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால், உலோகம் கூடுதலாக 50 பாகை சூடாகும். அதே தடிப்பில் சிலிக்கா படிவாயின் 250 பாகை கூடும். உலோகம் 430 பாகையைத் தாண்டிவிடும். இந்த வெப்பத்தில் சாதாரணக் கார்பன் எஃகு வலுவிழக்கத் தொடங்கும். குழாய் மெல்லப் புடைத்து, பின்னர் கிழியும். அழுத்தமானி சரியான அளவையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இந்த ஆபத்து வெளியே தெரியாது.

கொதிகலன் வகையும் கருவியும்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் படிவு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அறிய வேண்டும்.

புகைக்குழாய்க் கொதிகலனில் சூடான புகை குழாயின் உள்ளே செல்லும். நீர் வெளியே சூழ்ந்திருக்கும். எனவே உள்ளே கரி, வெளியே உப்பு. கரியை அகற்ற, நீண்ட கம்பியில் பொருத்திய கம்பித் தூரிகையைக் குழாய்க்குள் செலுத்தி இழுத்தால் போதும். வெளிப்புற உப்பை எட்டுவது கடினம். ஆள்நுழை துளை, கழுவு துளை ஆகியவற்றின் வழியாகக் குழாய் வரிசைகளுக்கு இடையே மெல்லிய பட்டைச் சுரண்டிகளைச் செலுத்தியும், நீரைப் பீய்ச்சியும் எடுப்பர். நீராவி ரயில் எஞ்சின்கள் ஓடிய காலத்தில் கொட்டகைகளில் குறிப்பிட்ட இடைவெளியில் கொதிகலன் கழுவுதல் இவ்வாறே நடந்தது. படிவு மிகுந்தால் குழாய்களையே கழற்றிச் சுத்தம் செய்தனர்.

நீர்க்குழாய்க் கொதிகலனில் நீர் குழாயின் உள்ளே ஓடும். படிவும் உள்ளேயே இருக்கும். குழாயின் இரு முனைகளும் உருளைகளில் திறப்பதால் கருவியை நேராக உள்ளே செலுத்தலாம். கீழே கூறப்படும் கருவிகளில் பல இவ்வகைக்கு உரியவை.

முக்கியக் கருவிகள்

தட்டுச் சுத்தியல்: இரு பக்கமும் மழுங்கிய உளி போன்ற முனை உடைய சிறிய சுத்தியல். உருளையின் உட்சுவர், தட்டையான தகடுகள், தீயறையின் மேற்பரப்பு ஆகியவற்றில் பயன்படும். முனை கூர்மையாக இருந்தால் எஃகில் வெட்டுக்காயம் விழும். அந்த இடத்தில் பின்னர் துருவும் விரிசலும் தொடங்கும்.

சுரண்டிகள்: தட்டையான எஃகுப் பட்டை, வளைந்த முனைக் கம்பி, திருகு வடிவச் சுருள் எனப் பல வகை. வில்லெஃகுச் சுரண்டியின் இதழ்கள் குழாயின் சுவரை அழுத்தியபடி நகர்வதால், அளவில் சிறிது வேறுபடும் குழாய்க்கும் பொருந்தும்.

கம்பித் தூரிகை: மென்மையான கார்பனேட்டு படிவுக்கும், சுரண்டிய பின் எஞ்சும் பொடிக்கும் ஏற்றது. தூரிகையின் விட்டம் குழாயின் உள்விட்டத்தை விடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குழாய் 50.8 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்டால் அது வெளிவிட்டம். சுவரின் தடிப்பை இருமுறை கழித்தே உள்விட்டத்தைக் கணக்கிட வேண்டும்.

சுழல் வெட்டி: கையில் பிடித்து இயக்கும் விசைக்கருவி. வளையும் தண்டின் முனையில், அல்லது நீராலோ காற்றாலோ சுழலும் சிறு சுழலியின் முனையில், பற்சக்கரங்கள் பொருத்திய தலை இருக்கும். தலை சுழலும்போது கைகள் வெளிநோக்கி விரிய, பற்சக்கரங்கள் படிவை நொறுக்கும். கூடவே பாயும் நீர் தூளை அடித்துச் செல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் லகோண்டா நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தயாரித்தது. சுழலும் தலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. படிவு தீர்ந்ததும் பற்கள் குழாயையே அரைக்கத் தொடங்கும்.

கல்பாக்கத்தின் நிலை

மின் நிலையக் கொதிகலன்களில் இக்கைக்கருவிகளுக்கு வேலை குறைவு. அங்கு உப்புகள் அனைத்தும் நீக்கிய நீரே கொதிக்க வைக்கப்படுகிறது. ஆனால் கல்பாக்கத்தில் நீராவியைக் குளிரவைக்கும் பணிக்குக் கடல்நீர் பயன்படுகிறது. அது கடலடியில் அமைந்த சுமார் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. அதில் ஒட்டி வளரும் பச்சை ஆழிகள் முதலான கடலுயிர்கள் நெடுநாள் ஆய்வுக்குரியவை. இதுவும் ஒருவகை அடைப்பே; எனினும் உப்புப் படிவு அன்று. கடல்நீரைச் சூடாக்கி நன்னீர் எடுக்கும் அமைப்பும் கல்பாக்கத்தில் உள்ளது. அத்தகைய அமைப்புகளில் குழாய்ப் படிவைத் தடுக்க நீரை முன்னதாகவே பதப்படுத்துவர்.

பணிமுறையும் பாதுகாப்பும்

படிவில் ஒரு துண்டை எடுத்து நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத் துளி இட்டுப் பார்ப்பது முதற்படி. நுரைத்தால் கார்பனேட்டு உண்டு. தூரிகையும் சுரண்டியும் பெரும்பாலும் போதும். நுரைக்காமல் கடினமாக இருந்தால் சல்பேட்டு அல்லது சிலிக்கா. சுழல் வெட்டி தேவைப்படும். அமிலத்தால் கழுவும் முறையும் உண்டு. ஆனால் அது எஃகையும் அரிக்கும். ஐதரசன் வாயு வெளிவருவதால் நெருப்பு அருகில் ஆகாது. தேர்ந்தவர் மேற்பார்வையின்றி அதைச் செய்யக் கூடாது.

கொதிகலனை மெதுவாக ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போதே நீரை வடித்தால் சேறு குழாயில் காய்ந்து இறுகிவிடும். உள்ளே ஆள் இறங்கும் முன், பக்கத்துக் கொதிகலனின் நீராவி வராதபடி இணைப்பைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். காற்றோட்டம் ஏற்படுத்தி, உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும். 24 வோல்ட் விளக்கையே பயன்படுத்த வேண்டும். வெளியே ஒருவர் எப்போதும் காவலிருக்க வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். உள்ளே சென்ற கருவிகளை எண்ணித் திரும்பப் பெற வேண்டும். குழாயில் மறந்துவிட்ட ஒரு தூரிகைத் தலை நீரோட்டத்தை மறித்து அக்குழாயை எரித்துவிடும்.

சட்டமும் தடுப்பும்

1923 ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன்கள் சட்டத்தின்படி, சட்டத்துக்கு உட்பட்ட கொதிகலனைப் பதிவு செய்து, உரிய காலத்தில் ஆய்வுக்கு உட்படுத்திச் சான்று பெற்ற பின்னரே இயக்க முடிந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 இல் புதிய கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வாளர் வரும்போது கொதிகலன் காலியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். படிவு மூடிய குழாயில் விரிசலைக் காண முடியாது என்பதே இதற்குக் காரணம்.

சுரண்டுவதை விடப் படியாமல் தடுப்பதே மேல். மென்னீராக்கியில் நீரைச் செலுத்தினால் கால்சியமும் மக்னீசியமும் நீங்கும். சாதாரண உப்புக் கரைசலால் அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். ஆனால் மென்னீராக்கி சிலிக்காவை நீக்காது. நாள்தோறும் அடிநீரைத் திறந்துவிடுதல், ஊட்டுநீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுதல் ஆகியவை செலவு குறைந்தவை. இவற்றை ஒழுங்காகச் செய்யும் ஆலையில், ஆண்டு ஆய்வின்போது ஒரு தூரிகையே பெரும்பாலும் போதுமானது.