துணிக்கடைப் பங்கு வாங்குமுன் சரக்கறையைப் பாருங்கள்

2007 ஜூலையில் விஷால் ரீடெய்ல் சந்தைக்கு வந்தபோது, 270 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்ட பங்கு முதல் நாளிலேயே இரு மடங்குக்கு மேல் ஏறியது. கொல்கத்தாவில் தொடங்கி, சிறு நகரங்களில் மலிவு விலைத் துணிமணி விற்று வளர்ந்த நிறுவனம் அது. சில ஆண்டுகளில் கடன் 700 கோடி ரூபாயைத் தாண்டியது. 2011இல் மொத்த வியாபாரமும் சென்னையின் ஸ்ரீராம் குழுமத்துக்கும் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜிக்கும் வெறும் 70 கோடிக்குக் கைமாறியது.

கடைகள் பிழைத்துக்கொண்டன. 2024 டிசம்பரில் விஷால் மெகா மார்ட் என்ற பெயரில் 8,000 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்பனையும் நடந்தது. ஆனால் பழைய பங்குதாரர் கையில் மிஞ்சியது, வியாபாரத்தை விற்றுவிட்டு வி2 ரீடெய்ல் எனப் பெயர் மாற்றிக்கொண்டு புதிதாகக் கடை திறக்கத் தொடங்கிய நிறுவனம்தான். பெயர்ப்பலகை வேறு, பங்கு வேறு. அந்த 8,000 கோடியும் நிறுவனத்தின் கல்லாவுக்கு வரவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர் விற்று எடுத்துக்கொண்டார். பணம் யாருக்குப் போகிறது என்பது வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். புரட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

துணி வியாபாரத்தின் நோய் முதலில் தெரிவது சரக்கில். ஒரு கணக்கு: ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலை 600 கோடி, ஆண்டுக் கடைசியில் கையிருப்பு 300 கோடி என்றால் ஆறு மாதச் சரக்கு தேங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த அடக்கவிலை 660 கோடி, கையிருப்பு 450 கோடி என்றால் தேக்கம் எட்டு மாதத்தைத் தாண்டுகிறது. வியாபாரம் பத்து சதவீதம் கூடியதாக அறிக்கை பெருமை பேசும். சரக்கு ஐம்பது சதவீதம் கூடியதை நாம்தான் கவனிக்க வேண்டும். போன தீபாவளி டிசைன் இந்த தீபாவளிக்கு ஓடாது. ஆனாலும் மதிப்பைக் குறைத்து எழுதும்வரை அது கணக்கில் அடக்கவிலையிலேயே நிற்கும்; லாபமும் ஆரோக்கியமாகத் தெரியும். 2018இல் உலகெங்கும் கடை வைத்திருக்கும் எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்திடமே சுமார் 430 கோடி டாலர் சரக்கு தேங்கி, உலகம் முழுக்கப் பேச்சானது.

அடுத்தது வாடகை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கியல் விதிப்படி, நீண்டகாலக் கடை வாடகையின் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடுகிறது. அதனால் அவ்விரண்டையும் கழிக்காமல் கணக்கிடும் 'எபிட்டா' என்னும் லாப எண் திடீரென்று குண்டாகிவிட்டது. பழைய முறைப்படியான எண்ணையும் சில நிறுவனங்கள் தருகின்றன; ஒப்பிட அதுவே நல்லது. புதுக் கடைகளைத் தவிர்த்து, பழைய கடைகளில் விற்பனை எவ்வளவு கூடியது என்றும் கேட்க வேண்டும். லாபம் காட்டும் நிறுவனத்தின் கைக்கு, வியாபாரத்திலிருந்து ஆண்டுக்கணக்காக ரொக்கம் வரவில்லையென்றால் ஒதுங்குவதே புத்தி. புரமோட்டர்கள் எவ்வளவு பங்கை அடகு வைத்திருக்கிறார்கள் என்பது காலாண்டுதோறும் பங்குச்சந்தை இணையதளத்தில் வெளியாகிறது.

இதையெல்லாம் பார்ப்பது சட்டம் தந்த உரிமை. முதல் மூன்று காலாண்டுகளின் முடிவுகள், ஒவ்வொன்றும் முடிந்த 45 நாளுக்குள் வர வேண்டும். வங்கிக் கடன் தவணை தவறி 30 நாள் தாண்டினால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஆண்டறிக்கை பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பே பங்குதாரருக்கு வந்தாக வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம்.

டிவிடெண்ட் வரவில்லை, பங்கு மாற்றம் இழுபறி என்றால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் செய்யலாம். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தீராவிட்டால் 'ஸ்மார்ட் ஓடிஆர்' என்ற இணையவழி சமரச ஏற்பாடு இருக்கிறது. விலை விழுந்த நஷ்டத்துக்கு இங்கே பரிகாரம் கிடையாது. நிர்வாகமோ தணிக்கையாளரோ ஏமாற்றியிருந்தால், கம்பெனிகள் சட்டத்தின் 245ஆவது பிரிவுப்படி நூறு பங்குதாரர்கள் சேர்ந்து தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிறுவனம் திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டாலோ, வங்கி, ஊழியர், வரித்துறை, சரக்கு கொடுத்தவர் எல்லாரும் வாங்கியபின் மிச்சமிருந்தால்தான் சாதாரணப் பங்குதாரரின் முறை வரும்.