பந்து மலைப்பாம்புக்கு ஒரு புற்று

பந்து மலைப்பாம்பு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. செனகலில் தொடங்கி கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாக உகாண்டா வரை புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் விளைநிலங்களிலும் வாழ்கிறது. மலைப்பாம்பு என்ற பெயரைக் கேட்டு ஆடு விழுங்கும் உருவத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வளர்ந்த பெண் பெரும்பாலும் ஒன்றேகால் மீட்டர், அபூர்வமாக ஒன்றரை மீட்டரைத் தாண்டும். ஆண் அதைவிடச் சிறியது. மிரண்டால் பெரும்பாலும் கடிக்க வராது. தலையை நடுவில் வைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பெனின் நாட்டின் ஊய்டா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அதே பெனினும் அண்டை நாடுகளான டோகோவும் கானாவும்தான் செல்லப்பிராணிச் சந்தைக்கு இவற்றை ஏராளமாக ஏற்றுமதி செய்துவந்தன.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுவது தமிழில் பழமொழி. இந்தப் பாம்புக்கு அது அன்றாட வாழ்க்கை. பகலெல்லாம் கறையான் புற்றிலும் எலி வளையிலும் கிடந்து, இருட்டிய பிறகே இரை தேடி வெளியே வருகிறது. வெளியே வறண்ட காற்று வீசும் மாதங்களிலும் வளைக்குள் ஈரம் இருக்கும், வெப்பமும் அதிகம் ஏறி இறங்காது. வீட்டில் வளர்ப்பவர் அமைக்க வேண்டியது இந்த வளையைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் செடியும் கல்லும் அடுக்கி அழகு பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மனித உடல் உணவை எரித்துத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. பாம்பு அதை வெளியிலிருந்துதான் பெற வேண்டும். பெண் பர்மிய மலைப்பாம்பு, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு தசைகளை நடுக்கி ஓரளவு சூடு உண்டாக்கும். பந்து மலைப்பாம்பிடம் அந்தத் திறமைகூடச் சொல்லும்படியாக இல்லை. விழுங்கிய எலி செரிப்பதும், கிருமியை எதிர்க்கும் ஆற்றல் வேலை செய்வதும் உடலின் வெப்பநிலையைப் பொறுத்தவை. குளிரில் கிடக்கும் பாம்பின் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகத் தொடங்கும். கடைசியில் பாம்பு அதைக் கக்கிவிடும்.

அதற்காகப் பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. இரை எடுத்த பிறகு பாம்பு வெப்பமான இடத்தை நாடும். வேறு நேரத்தில் குளிர்ந்த மூலைக்கு நகரும். எவ்வளவு சூடு தேவை என்று தீர்மானிக்க வேண்டியது பாம்பு. ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி என்று வைத்தால் அது தன் தேவைக்கேற்ப நகர்ந்துகொள்ளும். இரவில் சற்றுக் குறையலாம், ஆனால் 22 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

சூடேற்றும் கருவிகள் பல உண்டு: பெட்டியின் அடியில் வைக்கும் மின்விரிப்பு, மேலிருந்து வெப்பம் தரும் ஹாலஜன் விளக்கு, வெளிச்சமே இல்லாத பீங்கான் வெப்பக் குமிழ், கூரையில் பொருத்தும் வெப்பப் பலகை. எதைத் தேர்ந்தாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. கட்டுப்பாடு இல்லாத மின்விரிப்பு எளிதாக 40 டிகிரியைத் தாண்டிவிடும். சுட்டால் பாம்பு விலகிப் போய்விடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தோல் வெந்துபோகும் வரை அதே இடத்தில் படுத்திருந்த பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி வருகின்றன. இத்தனைக்கும் இந்தப் பாம்பின் உதட்டுச் செதில்களில் எலியின் உடல் சூட்டை இருட்டிலும் உணரும் குழிகள் இருக்கின்றன. அவை இரை தேடுவதற்கானவை, வயிற்றுத் தோலைக் காப்பதற்கானவை அல்ல. கடைகளில் விற்கும், மின்சாரத்தால் சூடேறும் ‘சூடான கல்’லை வாங்காமல் இருப்பதே நல்லது. மேலே தொங்கும் விளக்குக்குக் கம்பிக்கூடு போட வேண்டும். இல்லையென்றால் பாம்பு அதில் ஏறிச் சுற்றிக்கொள்ளும்.

சென்னை போன்ற ஊர்களில் சிக்கல் தலைகீழ். சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியை எட்டும்போது பெட்டியில் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது. பாம்பு பல மாதம் பட்டினியைத் தாங்கினாலும், கடும் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். மின்வெட்டு நேரத்தில் சன்னலோரம் வெயில் படும் பெட்டிதான் மிக ஆபத்தானது.

பெட்டியின் அளவு பற்றி வளர்ப்பவர்களிடையே ஓயாத சண்டை நடக்கிறது. வணிகத்துக்காகக் குட்டி எடுப்பவர்கள் இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்கி வைக்கிறார்கள். சிறிய இடத்தில்தான் பாம்பு நிம்மதியாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் பாம்புக்கு வேண்டியது இறுக்கமான மறைவிடம். இறுக்கமான வீடு அல்ல. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி இன்று குறைந்தபட்சமாகக் கருதப்படுகிறது. உடலை முழுதாக நீட்ட இடம் இருக்க வேண்டும். வெப்ப முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக இரண்டு பதுங்கிடங்கள் கட்டாயம். ஒன்றுதான் என்றால், சூட்டுக்காக மறைவைத் துறப்பதா, மறைவுக்காகச் சூட்டைத் துறப்பதா என்ற நிலை வரும்; மிரண்ட பாம்பு மறைவையே தேர்ந்தெடுத்துக் குளிரில் கிடக்கும்.

காற்றின் ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம் வரை இருப்பது நல்லது. தேங்காய் நார்த்தூளை நான்கு விரற்கடை உயரம் பரப்பி, அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பகுதி உலர்ந்தும் இருக்கும்படி தண்ணீர் ஊற்றினால் ஈரப்பதம் நிற்கும். தேவதாரு மரத்தூளைப் பரப்பக் கூடாது; அதன் எண்ணெய் பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும். ஈரம் போதுமா என்பதற்குச் சான்று சட்டை உரிப்பது. கண்கள் நீலம் பூத்து மங்கி, சில நாளில் தெளிந்து, பிறகு சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாகக் கழல வேண்டும். துண்டு துண்டாக உரிந்தாலோ, கண்மேல் படலம் ஒட்டிக்கொண்டாலோ காற்று வறண்டிருக்கிறது. படலத்தை விரலால் பிய்த்தால் கண் போய்விடக்கூடும்.

உடலின் பருமனான பகுதியை ஒத்த எலி ஒன்று, வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். உறையவைத்து, பின் இளக்கிச் சூடாக்கிய எலியே பாதுகாப்பு. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். இரை எடுத்த இரண்டு நாளுக்குப் பாம்பைத் தூக்கக் கூடாது. சில மாதங்கள் உண்ணாமல் இருப்பது, குறிப்பாக இனப்பெருக்கக் காலத்து ஆணுக்கு, சாதாரணம். எடை குறையாதவரை கவலை வேண்டாம். ஆனால் முதலில் வெப்பமானியைப் பார்த்துவிட வேண்டும்.

வாய் திறந்து மூச்சு விடுவது, சீழ்க்கை ஒலி, வாயில் நுரை ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். நீண்ட நாள் குளிர்தான் இதற்குப் பெரும்பாலும் வழிவிடுகிறது. இன்னொரு காரணம் 2014ல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட நிடோவைரஸ். அதற்கு மருந்து இல்லை. ஆகவே புதிதாக வரும் பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைப்பது வழக்கம். வயிற்றுச் செதில்கள் பழுத்துப் புண்ணாவது அழுக்கும் ஈரமும் சேர்ந்த தரையால் வருகிறது.

நன்றாகப் பேணினால் முப்பது ஆண்டுகள் வரைகூட வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 2020 ஜூலையில், ஏறத்தாழ 62 வயதான பெண் ஒன்று ஏழு முட்டைகள் இட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதன் அருகில் ஆண் பாம்பே இருந்ததில்லை. இந்தியாவில் 2022ல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, பந்து மலைப்பாம்பை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறப்பதையும் கைமாறுவதையும் தெரிவிக்க வேண்டும். பாங்காக் விமானங்களில் துணிமூட்டைக்குள் ஒளிந்து வந்து சென்னைச் சுங்கத் துறையிடம் பிடிபடும் பாம்புகளுக்கு அந்த ஆவணங்கள் எதுவும் இருப்பதில்லை. நம் நாட்டு மலைப்பாம்பையோ எந்தப் பதிவாலும் வீட்டில் வளர்க்க முடியாது.