சிறுவர் பூங்கா விளையாட்டுக் கருவிகள்

சிறுவர் பூங்கா விளையாட்டுக் கருவிகள் என்பவை சறுக்குமரம், ஊஞ்சல், சீசா முதலியன ஆகும். கோடையில் 40 பாகை செல்சியசை எட்டும் சேலம், நாமக்கல் சமவெளிகளில், அழகைவிட வெப்பத்தைக் கருதியே இவற்றின் பொருளும் நிறமும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

சேலம் உருக்காலை தயாரிக்கும் துருப்பிடிக்கா எஃகு உறுதியானது. ஆனால் நேர் வெயிலில் உள்ள எஃகுச் சறுக்குமரம் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். எஃகு வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம். நெகிழி மெதுவாகவே கடத்தும். எனினும் அடர்நிற நெகிழியும் கொதிக்கும். வெளிர்நிறம் ஒளியைத் தெறிக்கச் செய்வதால் சூடு குறையும். வேம்பு அல்லது புங்கமர நிழல் இவை அனைத்திலும் மேலானது.

பளிச்சிடும் பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயக் குரோமேட்டு இருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகள், வீட்டு, அலங்காரப் பூச்சுகளில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்காக வரையறுத்தன. பழைய பூச்சை உலர்வாகச் சுரண்டினால் ஈயத்தூசி மணலில் படியும். நனைத்தே அகற்ற வேண்டும்.